ஐந்திலிருந்து ஆறு வரை

இந்தக் கதையில் வருகிற குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு ஐம்பத்தாறு. இருவரும் ஈரோட்டில் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் புழங்குகிறவர்கள். குரு, சிஷ்யையின் மருமகள்.

மருமகளிடம் மாமியார் பாடம் கேட்டாளா என்று கேட்காதீர்கள். கேட்டாள். கேட்கிற நிலை வந்தது, கேட்டாள்.

சிஷ்யையின் பெயர் துளசிமணி. அவளுக்கு ஒரே மகன், நந்தகோபால். முப்பத்து மூன்று வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மீதி நாள் அந்த அசதியில் படுக்கை. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் ஆள் தேறுவான் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா பழனிச்சாமிக்குச் சர்க்கரை வியாதி. மனைவி மேகலாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுடையது அச்சாகப் பொருந்தியது.

துளசிமணி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

“எப்பங்க டாக்டர் எடுக்கறீங்க? இன்னைக்கேன்னாலும் சரிங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை.

“உங்களுக்கு வேற ஒரு கோளாறும் இல்லம்மா. எடைதான். இந்த எடையில ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கு ஆபத்து. பதினஞ்சு கிலோ குறைச்சிட்டு வாங்க, பார்க்கலாம்.”

“குறைக்கலைன்னா?”

“வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

வேறு ஆள் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

காரில் திரும்பும்போது துளசிமணி தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெற்ற பிள்ளை பிழைப்பதற்குக் குறுக்கே தன் தொப்பை வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையை விட அந்த வெட்கம்தான் அவளை அதிகம் அறுத்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

சொந்தக்காரப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பனியன் போட்ட ஒரு பையன் இந்தியும் இங்கிலீஷுமாகக் கத்திக்கொண்டே குதிப்பான், விழுவான், எழுவான், மறுபடி குதிப்பான். வீட்டிலிருந்தபடியே ஒரு மாதத்தில் உருகிவிடலாம் என்று கீழே எழுத்து ஓடும். துளசிமணி அறைக்கதவைத் தாழிட்டாள். பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து மொசைக் தரையில் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அவன் குதிக்கக் குதிக்க இவளும் குதித்தாள். மூச்சு வாங்க வாங்க, நந்து நந்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே குதித்தாள்.

இரண்டு மூன்று நாள் ஓடியது. அப்புறம் ஒரு மத்தியானம் ஜமக்காளம் வழுக்கிவிட்டது. விழுந்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

மேகலா கதவைத் தட்டினாள்.

“அத்தை! என்னங்க ஆச்சு?”

“ஒன்னுமில்ல அம்மணி. அரிசி மூட்டை சாஞ்சிருச்சு.”

அரிசி மூட்டை அடுப்படியில்தான் இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். மேகலா அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் துளசிமணி தவழ்ந்து வந்து தாழை நீக்கினாள். உள்ளே செல்போனில் அந்தப் பையன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். மேகலா முதலில் செல்போனை அணைத்தாள். பிறகு ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மாமியாரின் முழங்காலில் வைத்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கால் சரியானதும் காலைல அஞ்சு மணிக்கு ஹாலுக்கு வாங்க அத்தை. நான் சொல்லித் தர்றேன்.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேகலா கல்லூரியில் பளு தூக்கியவள். மாவட்டம், மண்டலம் என்று மெடல்கள் வாங்கியவள். பெண் பார்க்கப் போனபோது துளசிமணிக்கு எல்லாம் பிடித்திருந்தது, அந்தத் தோள்களைத் தவிர. “பொண்ணு லட்சணந்தான். ஆனா இந்தத் தூக்கற வேலையெல்லாம் கல்யாணத்தோட விட்டுறோணும்” என்று சொல்லித்தான் பூ வைத்தாள். மெடல்கள் ஒரு துணிப்பையில் கட்டப்பட்டு, கல்யாணமாகி வந்த அன்றைக்கே இந்த வீட்டுப் பரண் ஏறியவை. மேகலா அதைப் பற்றி இந்த ஏழு வருஷத்தில் ஒரு நாளும் பேசியதில்லை.

அந்தப் பரண் துளசிமணிக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஐஸ் தண்ணீர் காலில் வழிய, சற்று நேரம் யோசித்தாள்.

“சரி அம்மணி. ஆனா ஒரு பேச்சு. அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் நீ சொல்றதை நான் கேக்கறேன். ஆறு மணிக்கு மேல நான் சொல்றதை நீ கேக்கோணும்.”

“சரிங்க அத்தை.”

அன்றிலிருந்து மேகலா குருவானாள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு.

முதல் நாள் துளசிமணி ஐந்து மணிக்கு முன்பே ஹாலில் நின்றாள். சேலைக்கு மேல் மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். யுத்தத்துக்குப் புறப்பட்டவள் போல முகம்.

“என்ன பண்ணோணும்? குதிக்கோணுமா?”

குரு சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு மர நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டாள்.

“உக்காருங்க.”

சிஷ்யை உட்கார்ந்தாள்.

“எந்திரிங்க. கையை ஊனாம.”

சிஷ்யைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதுக்கு எதுக்கு அம்மணி ஒரு வாத்தியார்? பொறந்ததுல இருந்து இதைத்தான பண்றேன்?”

“பண்ணுங்க பாக்கலாம்.”

கையை ஊன்றாமல் எழுவது என்றால் என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை காலமும் மேஜையையோ சுவரையோ தன் முழங்காலையோ பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள். முதல் முறை பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டாம் முறை எழுந்துவிட்டாள். ஐந்தாறு முறைக்குள் தொடை நடுங்கி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“போதுங்க அத்தை. நாளைக்குப் பாக்கலாம்.”

“இவ்வளவுதானா?”

“இன்னைக்கு இவ்வளவுதான்.”

குரு அடுப்படிக்குப் போய்விட்டாள். மணி ஐந்தேகால் கூட ஆகவில்லை. மீதி முக்கால் மணி நேரமும் சிஷ்யை நாற்காலியில் உட்கார்ந்து எழ முடியாமல் இருந்தாள்.

நாட்கள் போயின. நாற்காலிக்குப் பிறகு மாடிப்படி வந்தது. மாடிப்படிக்குப் பிறகு சுவரில் கையூன்றித் தள்ளுவது வந்தது. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கையில் பிடித்துத் தூக்குவது வந்தது. எல்லாம் நிதானமாக. எடை நூல் நூலாகத்தான் இறங்கியது. துளசிமணிக்கு நூல் போதவில்லை, கயிறு வேண்டியிருந்தது. டயாலிசிஸ் முடிந்து ஒவ்வொரு முறை மகன் வீட்டுக்கு வரும்போதும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. குருவுக்குத் தெரியாமல் மத்தியானத்தில் மறுபடி அந்தப் பனியன் பையனைத் திறந்தாள். இந்த முறை ஜமக்காளம் போடவில்லை. அந்த மட்டுக்கும் புத்தி வந்திருந்தது.

ஒரு வாரத்தில் முழங்கால் பூசணி போல வீங்கியது. மூன்று நாள் கக்கூஸுக்குப் போகக்கூட ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டு போனது குருதான்.  வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

“கால் நல்லாகட்டும். மறுபடியும் நாற்காலியில இருந்து ஆரம்பிக்கலாங்க அத்தை.”

மறுபடியும் நாற்காலியா? துளசிமணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“நாற்காலி நாற்காலின்னு உருட்டிட்டே இரு. அங்க அவன் நாளுக்கு நாள் தேஞ்சுட்டுப் போறான். உனக்கென்ன அம்மணி அவசரம்? பெத்தவளுக்குத்தான வயிறு எரியும்!”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதே. குரு ஒத்தடத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்தாள்.

கால் ஓரளவு தேறியபின் ஒரு காலை. குரு வருவாளோ மாட்டாளோ என்ற பயத்தோடுதான் துளசிமணி ஹாலுக்கு வந்தாள். குரு முன்பே வந்திருந்தாள். நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில், முந்தின நாள் வந்திறங்கிய கேஸ் சிலிண்டர் நின்றிருந்தது.

“இதென்ன, கேஸ்காரன் இங்கயே வெச்சுட்டுப் போயிட்டானா?”

“நான்தான் உருட்டிட்டு வந்தேன்.”

மேகலா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சிலிண்டர் முன் குந்தினாள். ஒரு கை மேல் வளையத்தில், ஒரு கை அடி விளிம்பில். ஒரு மூச்சு. சிலிண்டர் மார்புக்கு வந்தது. இன்னொரு மூச்சு. தலைக்கு மேல் போய் நின்றது.

துளசிமணி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். அந்தத் தோள்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்றே சொல்ல வேண்டும். எவ்வளவு அழகான தோள்கள்! இதையா பரணில் ஏற்றச் சொன்னோம்!

மேகலா சிலிண்டரை இறக்கவில்லை. நின்றாள். நேரம் போனது. கை நடுங்கத் தொடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“இறக்கு அம்மணி.”

மேகலா இறக்கவில்லை.

“அட, இறக்குன்னு சொல்றேன்ல! கையி போயிரப் போவுது, இறக்கு!”

அப்போதுதான் மேகலா அதை இறக்கினாள். உள்ளே தூங்குகிற புருஷன் எழுந்துவிடாதபடி, தரையில் சத்தமே வராமல் வைத்தாள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“காலேஜ் கடைசி வருசம் ஸ்டேட் மீட்டுங்க அத்தை. நான் அது வரைக்கும் தூக்காத வெயிட்டு. தூக்கிட்டேன்.”

“ம்.”

“கை ரெண்டும் நேரா நின்னுருச்சு. எல்லாரும் கை தட்டறாங்க. எங்கப்பா பெஞ்சு மேல ஏறி நிக்கறாரு. அந்தச் சந்தோசத்துல கீழ போட்டுட்டேன்.”

“அதான் தூக்கிட்டியே? போட்டா என்ன?”

“எதிர்ல நடுவர் உக்காந்திருப்பாரு. கையை ஒசத்தி வெச்சிருப்பாரு. அவரு கையை இறக்கற வரைக்கும் நாம தாங்கிட்டு நிக்கோணும். நான் கை தட்டறவங்களைப் பாத்தேன். அவரு கையைப் பாக்கலீங்க.”

“பொறவு?”

“தூக்கினதே கணக்குல வரல. மெடல் போச்சு. அதை வெச்சு வர இருந்த வேலையும் போச்சு.”

 மேகலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்த மாசம் நீங்க பொண்ணு பாக்க வந்தீங்க.”

சிரிப்பதா வேண்டாமா என்று துளசிமணிக்குக் குழப்பம். குருவின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது, சிலிண்டரின் கனத்தாலும் இருக்கலாம்.

“அன்னைக்கு ஏதோ வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன் அம்மணி. மனசுல வெச்சுக்காத.”

குரு எழுந்து போய் நாற்காலியை எடுத்து வந்தாள்.

“உக்காருங்க. எந்திரிங்க.”

பனியன் பையனை அதற்குப் பிறகு துளசிமணி திறக்கவே இல்லை. ஐந்து மணிக்கு அலாரம் வைப்பதையும் விட்டுவிட்டாள். தானாக விழிப்பு வந்தது. முழங்காலைப் பிடிக்காமல் மாடி ஏறினாள். பால்காரர், “என்னங்கக்கா, எளைச்ச மாதிரி இருக்கறீங்க?” என்று கேட்ட அன்று அவரிடம் கூடுதலாக அரை லிட்டர் மோர் வாங்கினாள்.

ஆனால் பாதி வழியில் எடை நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. வாரக்கணக்கில் அதே இடம். தீபாவளியும் போய்விட்டது. பொங்கலுக்குள் வரச் சொல்லி டாக்டர் ஒரு நாள் குறித்திருந்தார். துளசிமணி மெஷினை ஹாலில் வைத்துப் பார்த்தாள், வாசலில் வைத்துப் பார்த்தாள். பழனிச்சாமியை ஏறச் சொல்லிப் பார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

ஒரு காலை நாற்காலியில் உட்கார்ந்தவள் எழவில்லை.

“ஏன் அம்மணி இறங்க மாட்டேங்குது? நீ சொன்னதை எல்லாம் பண்றேன். தட்டுல ரெண்டு இட்லிக்கு மேல வெச்சுக்கறதில்ல. ராத்திரி சோறே தொடறதில்ல. சாமி மேல சத்தியமா நான் திருடித் திங்கல.”

குரு அடுப்படிக்குப் போய் ஒரு காலித் தூக்குப்போசிப் பாத்திரத்தைக் கொண்டு வந்தாள். மூடியைக் கழற்றி மாமியாரின் கையில் கொடுத்தாள்.

“தட்டுல வெச்சு உக்காந்து சாப்பிடறதை நல்லாச் சாப்பிடுங்க. அது போக எதையாவது வாயில போடறாப்புல இருந்தா, வாய்க்குப் பதிலா இன்னைக்கு இதுல போடுங்க.”

“அப்படி நான் என்னத்தப் போடறேன்?”

“ஒன்னுமில்லீன்னா போசி காலியாத்தான இருக்கும்?”

துளசிமணி அதை அடுப்படி மேடையில் வைத்தாள். பேத்தி ரித்திகா பள்ளிக்கூட வேன் வந்துவிட்டதென்று பாதி தோசையை விட்டுவிட்டு ஓடினாள். துளசிமணியின் கை தோசையை எடுத்தது, வாய்வரை போனது. போசி கண்ணில் பட்டது. போட்டாள். பழனிச்சாமி ஒதுக்கிய உப்புமா உருண்டை போனது. சட்டியடியில் ஒட்டிய உப்புமாவைச் சுரண்டினாள், அதுவும் போனது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் கடித்து வைத்த முறுக்குத் துண்டு. தம்ளரில் நின்ற பால். எதுவும் வீணாகக் கூடாது என்று இருபது வயதில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். தட்டு அவளுக்குப் பெயருக்குத்தான் இருந்தது.

மத்தியானம் நந்தகோபாலின் தட்டு திரும்பி வந்தது.

அவனுக்குத் தனிச் சமையல். உப்பில்லாத சோறு, வேகவைத்துத் தண்ணீர் வடித்த காய். துளசிமணி அதைக் குவித்து வைத்துத்தான் கொடுப்பாள். அவன் இரண்டு வாய் அள்ளிவிட்டு, போதும்மா என்று தள்ளிவிடுவான். அந்தத் தட்டை அவள் அடுப்படிக்குக் கொண்டுவந்து, நின்றபடியே, உப்பில்லாத அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடிப்பாள். பசியில் இல்லை. அதைக் கொட்டுவதற்கு அவளுக்கு மனசு வந்ததே இல்லை.

அன்றும் வரவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போசியில் சரித்தாள். போசி நிறைந்து விளிம்பில் வழிந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் போசியோடு வந்தாள். அதைக் குருவின் முன் வைத்தாள். 

“மத்ததை விட்டுருவேன் அம்மணி. அவன் மிச்சம் வெச்ச சோறை மட்டும் எப்படிக் கொட்டுவேன்? அவன் திங்கலீன்னா நானாவது தின்னா, அவன் தின்ன மாதிரி ஒரு நெனப்பு.”

குரு சிஷ்யையின் கையைப் பிடித்தாள். பாட நேரத்தில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

“இனி அவருக்கு ஒரே ஒரு கரண்டி வையுங்க அத்தை.”

“ஒரு கரண்டியா? நோயாளிப் புள்ளைக்கா?”

“ஒரே கரண்டி.”

மணி ஆறாகியிருந்தால் துளசிமணி ஒரு வழி பண்ணியிருப்பாள். ஆறாகவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஒரு கரண்டி வைத்தாள். கையே கூசியது. நந்தகோபால் தட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சாப்பிட்டான். தட்டு காலியாகத் திரும்பியது. அடுத்த நாளும் காலி. வழித்துக் கொட்ட ஒன்றுமில்லாத அந்தத் தட்டைத் துளசிமணி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், அவள் அடுப்படிக்குத் திரும்பி நடக்கும்போது, பின்னாலிருந்து மகனின் குரல் கேட்டது.

“அம்மா. இன்னும் கொஞ்சம் சோறு.”

இந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! துளசிமணி குண்டானோடு ஓடி வந்தாள். கண்ணீர் மறைத்ததில் பாதி சோறு மேஜையில் விழுந்தது. மேகலா அதை வாரி எடுத்தாள். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை, பார்த்தால் அழுதுவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

எடை இறங்கியது. பொங்கலுக்கு முன்பே இறங்கியது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டுத் துளசிமணியை எழுந்து நிற்கச் சொன்னார். நாற்காலியில் கை வைக்காமல் எழுந்தாள். அவர் மேகலாவைப் பார்த்து, “யாரும்மா இவங்களுக்கு ட்ரெயினர்?” என்று கேட்டார்.

“என்ற மருமகதாங்க” என்றாள் துளசிமணி. அந்தக் குரலில் இருந்த பெருமை, அவள் மகன் இன்ஜினியரிங் பாஸ் செய்தபோது கூட வெளிவந்ததில்லை.

ஆபரேஷனுக்குக் கிளம்புகிற அன்று துளசிமணி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேகலாவின் கையில் வைத்தாள். பீரோ, நகைப் பெட்டி, நெல் அறை, எல்லாச் சாவியும் அதில் இருந்தன.

“இனி உன்கிட்டயே இருக்கட்டும் அம்மணி. எந்தச் சேலை யாருக்குன்னு உங்க மாமன்கிட்டச் சொல்லியிருக்கறேன்.”

“எதுக்குங்க அத்தை இப்ப இதெல்லாம்?”

“என்னைப் பத்தி என்ன? நந்து எந்திரிச்சு நடந்தாப் போதும். பொறவு எனக்கு என்ன ஆனா என்ன?”

மேகலா சாவிக்கொத்தைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. வைத்த சிறுநீரகம் அன்றே வேலை செய்யத் தொடங்கியது. ஒரு மனுஷன் மூத்திரம் போனதற்காக ஒரு குடும்பமே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டதை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். பழனிச்சாமி அந்தச் செய்தியைப் போனில் ஊரெல்லாம் சொன்னார்.

துளசிமணியிடமும் சொன்னார்கள். படுத்தபடியே கேட்டாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. “அப்பச் சரி” என்றாள். அத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் எழவில்லை. காயம் நன்றாக ஆறுகிறது, நடக்க வேண்டும் என்று நர்ஸ் கெஞ்சினாள். டாக்டர் வந்து அதட்டினார். கஞ்சியை இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை. வலிக்கிறதா என்றால் இல்லை என்றாள். என்ன வேண்டும் என்றால், “என்ற வேலை முடிஞ்சுது சாமி, என்னை விட்டுருங்க” என்றாள். எழாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், அது ஆபத்து என்று டாக்டர் மேகலாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை. நர்ஸிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மேகலா அறைக்குள் வந்தாள். பார்வையாளர்கள் உட்காரும் நாற்காலியைத் தூக்கி வந்து கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். சத்தமே இல்லை. ஆனாலும் துளசிமணிக்கு விழிப்பு வந்துவிட்டது. மணி ஐந்து.

“எந்திரிங்க அத்தை. இதுல வந்து உக்காருங்க.”

“விடு அம்மணி. அதான் குடுத்தாச்சே. இனி எதுக்கு எனக்கு எக்சர்சைஸ்?”

“எந்திரிங்க. இன்னைக்கு மட்டும் கையை ஊனிக்கலாம்.”

துளசிமணி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஆறு ஆகட்டும். அப்ப நான் மாமியா. அப்ப நான் சொல்றதை நீ கேக்கோணும். என்னை இப்படியே விட்டுருன்னு சொல்லப் போறேன்.”

“சொல்லுங்க, கேக்கறேன். இன்னும் ஆறாகலீங்க.”

துளசிமணிக்குக் கோபம் வந்தது. மூன்று நாளில் முதல் முறையாக அவள் குரல் ஏறியது.

“நந்து பொழைச்சுட்டான். தூக்க வேண்டியதைத் தூக்கியாச்சு. ஊரே கை தட்டியாச்சு. இன்னும் நான் எதுக்கு அம்மணி எந்திரிக்கோணும்?”

மேகலா கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதை மாமியாரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு அந்தக் கையைத் தன் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நடுவர் இன்னும் கையை இறக்கலீங்க அத்தை.”